பழைய வாக்கி டாக்கியில் பயிற்சி பீக்கன் கட்டுவது எப்படி?

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது கடலூரில் இருந்தவர்களுக்குத் தெரியும், போனும் கரண்டும் ஒன்றாகப் போய்விட்டால் ஊர் எப்படி ஆகிவிடும் என்று. அதற்குப் பிறகுதான் நான் ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் எடுத்தேன். இப்போது பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் தன்னார்வலர்களுக்கு சிக்னலைத் தேடிப் பிடிக்கும் பயிற்சி கொடுக்கிறோம். அதற்கு ஒளித்து வைக்க ஒரு பீக்கன், அதாவது தானாகவே சிக்னல் விடும் கருவி, வேண்டும். முதலில் கட்டியது பாதியில் கெட்டது. இரண்டாவது நன்றாக ஓடுகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. விமானத்திலும் படகிலும் இருக்கும் அவசர பீக்கன் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். கிட்டே வரும் தேடுகுழு திசை பிடிப்பதற்காக 121.5லும் ஒரு சிக்னல் விடும். செயற்கைக்கோள்கள் 121.5ஐக் கவனிப்பது 2009 பிப்ரவரி 1 அன்று நின்றுவிட்டது. ஆனால் வானில் பறக்கிறவர்கள் அதை இன்னும் கேட்கிறார்கள். இந்த இரண்டிலும் பயிற்சிக்காக ஒரு நொடிகூட ஒலிபரப்பக் கூடாது. நம் பீக்கன் ஒலித்து, கடலோரக் காவல் படை வீணாகக் கிளம்பினால், அதே நேரத்தில் நிஜமாகவே தத்தளிக்கும் ஒரு படகுக்கு உதவி தாமதமாகும்.

ஹாம்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது. நான் 145.3 வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம்) எந்த அலைவரிசையில் என்று பார்த்து விலகிக்கொள்ளுங்கள். 145.8க்கு மேலே செயற்கைக்கோள்களுக்கு விட்டுவிடுங்கள். உரிமம் இல்லாதவர்கள் ஏஎஸ்ஓசி (ஹாம் உரிமத்துக்கான) தேர்வை எழுதிவிட்டு வாருங்கள். 12 வயது முடிந்தாலே எழுதலாம். அதுவரை உரிமம் உள்ள ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வேண்டிய சாமான்கள்: ஒரு பாவ்ஃபெங் யூவி-5ஆர் வாக்கி டாக்கி (பழையது போதும்), அர்டுயினோ நானோ (நிரல் ஏற்றும் சின்ன போர்டு), 817 ஆப்டோகப்ளர் (ஒளியால் இயங்கும் சுவிட்ச்), பழைய மோடத்தில் கழற்றிய 600க்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர், 1 கிலோ ஓம் பிரீசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்), சில ரெசிஸ்டர்கள், 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், மூடி இறுக்கமாக இருக்கும் ஒரு தகர டப்பா. ரேடியோவின் ஹெட்செட் உடைந்திருந்தால் அதன் ஒயரையே வெட்டி எடுத்துக்கொள்ளலாம். தனியாக பிளக் வாங்கி ஈயம் வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

முதல் வேலை, ரேடியோவின் மெனு. 2ஆம் எண்ணில் பவரைக் குறைவுக்கு மாற்றுங்கள். 4இல் வாக்ஸை (ஒலி கேட்டதும் தானாக ஒலிபரப்பைத் தொடங்கும் வசதி) அணைத்து வையுங்கள். வாக்ஸ் இருக்கும்போது பிடிடி (பேசும்போது அழுத்தும் பொத்தான்) ஒயர் எதற்கு என்று கேட்பார்கள். வாக்ஸ் ஒலியின் தொடக்கத்தைத் தின்றுவிடும், அதனால் எனக்குப் பிடிக்காது. 7இல் இருக்கும் இரட்டைக் கவனிப்பை (திரையின் இரண்டு வரிசை அலைவரிசைகளையும் மாறி மாறிக் கேட்பது) கட்டாயம் அணையுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால், கீழ் வரிசையில் ஏதாவது சிக்னல் வந்த நேரம் பார்த்து உங்கள் பீக்கன் அந்த அலைவரிசையிலேயே கிளம்பிவிடலாம். கடைசியாக 9, ஒலிபரப்பு நேர வரம்பு. அதை 60 நொடிக்கு வையுங்கள். அது ஏன் என்று கீழே வருகிறது.

அடுத்து பிடிடி. இந்த ரேடியோவின் ஹெட்செட் ஒயரில் இரண்டு பிளக் இருக்கும், 3.5 மில்லிமீட்டரும் 2.5 மில்லிமீட்டரும். இரண்டின் அடிப்பட்டைகளையும் (ஒயர் பக்கம் இருக்கும் உலோகப் பட்டை) ஒன்றோடு ஒன்று சேர்த்தால் ரேடியோ ஒலிபரப்பும், பிரித்தால் நிற்கும். அந்தச் சேர்ப்பை ஆப்டோகப்ளர் செய்யும். அதன் 4ஆம் காலை பெரிய பிளக்கின் அடிப்பட்டைக்கும் 3ஆம் காலைச் சின்ன பிளக்கின் அடிப்பட்டைக்கும் கொடுங்கள். 1ஆம் காலுக்கு நானோவிலிருந்து 330 ஓம் வழியாக ஒரு ஒயர், 2ஆம் கால் நானோவின் கிரவுண்டுக்கு.

நான் மாட்டிக்கொண்டது ஒலியை உள்ளே கொடுக்கும் இடத்தில். முதல் பீக்கனில் நானோவின் ஒலியை ஒரு ரெசிஸ்டர் வழியாக மைக்குக்குக் கொடுத்து, நானோ கிரவுண்டையும் ரேடியோ கிரவுண்டையும் சேர்த்திருந்தேன். மேசையில் அருமையாக ஓடியது. தோப்பில் வைத்த பத்தாவது நிமிடம் சத்தம் நின்றது, ஆனால் ஒலிபரப்பு நிற்கவில்லை. தேடிப் போனவர்களின் ரேடியோவில் இரைச்சலும் இல்லை, ஒலியும் இல்லை, வெறும் மௌனம். நான் ஓடிப்போய் டப்பாவைத் திறந்தபோது ரேடியோவின் முதுகு கை வைக்க முடியாத சூடு. ஆன்டெனாவிலிருந்து கிளம்பிய அலை, சேர்த்து வைத்த அந்த ஒயர் வழியாகவே நானோவுக்குள் போய் அதை உறைய வைத்திருக்கிறது. பிடிடி மட்டும் பிடித்தபடியே நின்றுவிட்டது.

அதனால் நானோ, ரேடியோ இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு ஒயர்கூட இருக்கக் கூடாது. நானோவின் ஒலிக் காலிலிருந்து 100 கிலோ ஓம், அதன் பிறகு பிரீசெட், அதன் நடுக்காலும் கிரவுண்டும் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பக்கத்துக்கு. மறுபக்கத்தின் ஒரு முனை பெரிய பிளக்கின் அடிப்பட்டைக்கு. இன்னொரு முனை கெபாசிட்டர் வழியாக அதே பிளக்கின் நடு வளையத்துக்கு. கெபாசிட்டரை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மைக்குக்கு வரும் டிசியை டிரான்ஸ்ஃபார்மர் சுருள் கிரவுண்டில் போட்டுவிடும். பிரீசெட்டைக் குறைவில் ஆரம்பித்து, இன்னொரு ரேடியோவில் கேட்டுக்கொண்டே மெல்ல ஏற்றுங்கள். ஒலி கரகரத்து உடைய ஆரம்பித்தால் கொஞ்சம் இறக்கி அங்கேயே விடுங்கள்.

நிரல் சின்னதுதான். உயிர் வந்ததும் முதல் வரியிலேயே பிடிடியை அணைக்க வேண்டும். அப்புறம் 40 நொடி அமைதி. பிடிடி போட்டு அரை நொடி பொறுத்து, 1500 ஹெர்ட்ஸிலிருந்து 500க்கு இறங்கும் ஒலி, நொடிக்கு மூன்று முறை, 15 நொடிக்கு. நிஜ பீக்கனும் 121.5ல் இப்படித்தான் சரிந்து சரிந்து ஊளையிடும். காது அதற்குப் பழக வேண்டும் என்பதற்காகவே நான் வெறும் ‘பீப்’ வைப்பதில்லை. முடிவில் மோர்ஸில் உங்கள் அழைப்புக்குறி, பிறகு பிடிடி விடுதலை. கூடவே 8 நொடி வாட்ச்டாக் (நானோவைக் கண்காணிக்கும் டைமர்). நானோ உறைந்தால் அது தானாகவே புதிதாகத் தொடங்கும். அதுவும் கைவிட்டால் ரேடியோவின் 60 நொடி வரம்பு நிறுத்தும். தானாக நிற்காத பீக்கனை நான் இனி தோப்புக்குக் கொண்டுபோக மாட்டேன்.

பவர் குறைவில் வைத்தாலும் பயிற்சிக்கு அது அதிகம்தான். ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு (பவரைச் சூடாக்கித் தீர்த்துவிடும் ரெசிஸ்டர்) போடுங்கள்: 2 வாட், 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டை இணையாகச் சேர்த்தால் ஆயிற்று. மெட்டல் ஃபிலிம் வாங்குங்கள். வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர் வேண்டாம், அதன் உள்ளே கம்பிச் சுருள் இருக்கிறது. இந்த அலைவரிசையில் அது ரெசிஸ்டராக நடந்துகொள்ளாது. ரேடியோவில் ஆன்டெனா திருகும் எஸ்எம்ஏ ஆண் பிளக் வெளியே நீட்டியிருக்கும், அதனால் டம்மி லோடுக்குப் பெண் பிளக் வேண்டும். லோடைத் தகர டப்பாவுக்கு வெளியே வைத்தால் எங்கள் தோப்பில் சுமார் 300 மீட்டருக்குக் கேட்கிறது. புதியவர்களுக்கு அது சரியான தூரம். ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். சிக்னல் மிகவும் மங்கும்போது பீக்கன் அவர்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது. கிட்டே போய் எல்லாத் திசையிலும் பலமாகக் கேட்டால், பீக்கன் மெலிதாகக் கசியவிடும் மூன்று மடங்கு அலைவரிசையான 435.9க்கு மாற்றித் தேடலாம்.

கட்டிப் பார்த்த நண்பர்கள் இருவர் சொன்னதையும் சேர்க்கிறேன். ஒருவர் நானோவை பவர் பேங்கில் மாட்டினார். ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. நானோ இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. எதுவும் மாட்டவில்லை என்று நினைத்து பவர் பேங்க் அணைந்துவிடுகிறது. ஆறு பென்டார்ச் செல் போட்டு ‘வின்’ காலில் கொடுங்கள். இன்னொருவருக்கு வாட்ச்டாக் வேலை செய்த பிறகு போர்டு விளக்கு வேகமாக மினுக்கிக்கொண்டே நின்றுவிட்டது. பழைய பூட்லோடர் (நானோவைத் தொடங்கி வைக்கும் சின்ன நிரல்) உள்ள நானோவில் அப்படி ஆகும். புதிய பூட்லோடரை ஏற்றியதும் சரியாகிவிட்டது.

டப்பாவை மூடிய பிறகு ஒரு வேலை பாக்கி. ஒயரும் செல்லும் உள்ள தகர டப்பாவை மரத்தடியில் பார்க்கிற எவரும் பயந்துவிடுவார்கள். மூடிமேல் பெரிய எழுத்தில் ‘வானொலிப் பயிற்சிக் கருவி’ என்று எழுதி, அழைப்புக்குறியும் போன் நம்பரும் ஒட்டுங்கள். தோப்புக்காரரிடமும் அந்தப் பகுதி காவல் நிலையத்திலும் முந்தின நாளே சொல்லிவிட்டுப் போங்கள்.