ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தெரியாது

வேலூரில் என்னிடம் ப்ராஜெக்ட் செய்ய வரும் எம்.எஸ்சி. பிள்ளைகளில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: நேரம்.

போன சித்திரையில் ஒரு மாணவி வெஸ்டர்ன் பிளாட்டை, அதாவது புரதத்தின் அளவைப் பட்டையாகக் காட்டும் படத்தை, நீட்டினாள். செல்களில் டிஎன்எஃப் என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதத்தை விட்டுப் பார்த்த சோதனை. ஐ-கப்பா-பி-ஆல்ஃபா என்ற புரதத்தின் பட்டை 0 நிமிடத்திலும் 60 நிமிடத்திலும் ஏறக்குறைய ஒரே தடிமன். “டிஎன்எஃப் வேலை செய்யல சார்” என்றாள், குரல் உடைந்து. 5, 15, 30 நிமிடங்களிலும் செல்களை எடுக்கச் சொன்னேன். அடுத்த பிளாட்டில் 15-க்கு நேராக வெறும் வெள்ளை.

நடந்தது இதுதான். 1986-ல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டறிந்த என்எஃப்-கப்பா-பி, மரபணுக்களை இயக்கும் புரதம். அதை உட்கருவுக்குள் போகவிடாமல் பிடித்து வைப்பது ஐ-கப்பா-பி; ஆல்ஃபா அதில் ஒரு வகை. டிஎன்எஃப் வந்ததும் ஐகேகே நொதி அந்தக் காவல் புரதத்தின் 32, 36-ஆம் இடங்களில் உள்ள செரின் அமினோ அமிலங்களில் பாஸ்பேட் ஒட்டுகிறது. அப்புறம் யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதத்தின் சங்கிலி அதன்மேல் ஏறுகிறது, செல்லின் புரத அரவை இயந்திரமான புரோட்டியாசோம் அரைத்துவிடுகிறது. விடுபட்ட என்எஃப்-கப்பா-பி உள்ளே போய் இயக்கும் மரபணுக்களில் ஐ-கப்பா-பி-ஆல்ஃபாவின் மரபணுவும் ஒன்று! அதனால் சுமார் ஒரு மணி நேரத்தில் காவல் திரும்பிவிடும். காட்பாடி ஜங்ஷனில் ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் மட்டும் எட்டிப் பார்த்தவருக்கு, நடுவில் நின்று போன ரயில் தெரியுமா?

ஆர்என்ஏவை மட்டும் அளந்துவிட்டுப் புரதத்தைப் பற்றி எழுதுவது அடுத்த தவறு. நோயெதிர்ப்பை அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களில் அழற்சிச் சமிக்ஞை வந்தால், அந்தச் செல்களுக்கு ஆதாரமான ஃபாக்ஸ்பி3 புரதத்தையே ஸ்டப்1 நொதி சிதைவுக்கு அனுப்புகிறது. யுஎஸ்பி7 என்ற இன்னொரு நொதி யுபிக்விட்டினைக் கழற்றி அதைக் காக்கிறது. இந்த இழுபறி ஆர்என்ஏவை அளக்கும் பிசிஆரில் தெரியாது.

புரதத்தின் ஆயுளை அளக்க, புதுப் புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடு போடுகிறோம், சரி. ஆனால் டிஎன்எஃப்புடன் சேர்த்து மணிக்கணக்கில் விட்டால் பல செல் வகைகள் செத்துவிடும், ஏனென்றால் உயிர்காக்கும் புரதங்களை அவற்றால் புதிதாகச் செய்ய முடியாது. பட்டை மங்கியது சிதைவாலா, சாவாலா? செல்களை நுண்ணோக்கியில் பார்க்காமல் முடிவு எழுதாதீர்கள். புரோட்டியாசோமைத் தடுக்கும் எம்ஜி132-ம் அப்படித்தான்: உங்கள் புரதத்தை மட்டுமல்ல, ஐ-கப்பா-பியையும் காப்பாற்றிச் சமிக்ஞையையே நிறுத்திவிடும்.

யுபிக்விட்டின் ஒட்டினாலே அழிவு என்பதும் தவறு. யுபிக்விட்டினின் 48-ஆம் இடத்து லைசின் அமினோ அமிலம் வழியாகக் கோத்த சங்கிலி பெரும்பாலும் அழிவுக்கு, 63-ஆவது பெரும்பாலும் சமிக்ஞைக்கு.

கடைசியாக, ஐஸ். நம் ஊர்க் கத்திரி வெயிலில் தட்டு பத்து நிமிடம் மேசையில் இருந்தாலே போச்சு. செல்லை உடைத்த கரைசலில் உள்ள நொதிகள் சங்கிலியைக் கழற்றிவிடும். அந்த நொதிகளைத் தடுக்கும் என்-எத்தில்மாலிமைடை, செல்லை உடைக்கும் கரைசலில் அன்றன்றைக்குப் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள்.