வீட்டு முயலின் வயிறு கெடாமல் இருக்க: புல்லில் தொடங்கி புழுக்கை வரை

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் முயலுக்குக் கேரட், பிஸ்கட், மிஞ்சிய சோறு எல்லாம் கொடுத்தோம். விற்றவர் அப்படித்தான் சொல்லியிருந்தார். அதுவும் ஆசையாகத் தின்றது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் பார்த்தால் கூண்டு மூலையில் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்திருக்கிறது, பல்லை நறநறவென்று கடிக்கிறது. அடித்தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. மருத்துவரிடம் கொண்டுபோகச் சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் விடிவதற்குள் போய்விட்டது. புதிதாக முயல் வளர்க்கும் யார் வீட்டிலும் இது நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் அதன் குடல்

முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்பக்கமாக வெளியேறித்தான் ஆக வேண்டும். அதைத் தள்ளிக்கொண்டு போவது நார்ச்சத்து. சிறுகுடல் முடிகிற இடத்தில் முயலுக்கு ஒரு பெரிய பை உண்டு, சீக்கம் என்பார்கள். அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள்தான் புல்லைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. மாவும் சர்க்கரையும் அதிகமாகப் போனால் அங்கே கெட்ட கிருமிகள் பெருகி வாயு சேரும். நார் குறைந்தால் குடல் மந்தமாகி ஒரு கட்டத்தில் நின்றே போகும்.

முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். ஒன்று நாம் பார்க்கும் உருண்டைப் புழுக்கை. இன்னொன்று குட்டித் திராட்சைக் கொத்து போல, பளபளப்பாக, மெத்தென்று இருக்கும். அதைக் கீழே விழவிடாமல் குனிந்து வாயிலேயே வாங்கித் தின்றுவிடும். அருவருப்பாக நினைத்துத் தடுக்காதீர்கள். பி வைட்டமின்களும் புரதமும் அதிலிருந்து அதற்குக் கிடைக்கின்றன.

படி 1: காய்ந்த புல்

தினசரி உணவில் நூற்றுக்கு 80 பங்கு இதுதான், இரவும் பகலும் கூண்டில் இருக்க வேண்டும். முயலின் உடம்பளவு ஒரு குவியல் வைத்தால் கணக்கு சரியாக இருக்கும். வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் அதன் 28 பற்களும் தேய்வதற்கு இந்த மெல்லல்தான் வழி.

கடையில் விற்கும் டிமோத்தி புல் நல்லதுதான், விலைதான் கட்டுப்படியாகாது. நம் ஊரில் கொழுக்கட்டைப் புல்லோ அருகம்புல்லோ கிடைத்தால் நீங்களே காயவைக்கலாம். பூ எடுக்கத் தொடங்கும்போதே அறுத்துவிடுங்கள், முற்றினால் வெறும் தண்டுதான் மிஞ்சும். சாலையோரப் புல்லும் மருந்தடித்த வயல் வரப்புப் புல்லும் வேண்டாம். மொட்டைமாடியில் மெல்லியதாகப் பரப்பி, நாளுக்கு இரண்டு முறை புரட்டிவிடுங்கள். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் ஆகும். தண்டை எடுத்து முறுக்கிப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது, வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த புல் இளம்பச்சையாக, லேசான இனிப்பு வாசத்தோடு இருக்கும். சாக்கில் கட்டி வையுங்கள், பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். பூசணவாடை அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

வைக்கோல் படுக்கைக்கு ஆகும். அதையே சாப்பாடாக்கினால் சத்து போதாது.

குதிரை மசால், வேலிமசால் என்ற தீவனச் செடிகள் இரண்டும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் ஏற்றவை. வளர்ந்த முயலுக்கு அதிகமானால் மிகுந்த சுண்ணாம்புச்சத்து சிறுநீரில் வெளியேறும். சுண்ணாம்பு கரைத்தது போலக் கெட்டியாகப் போனால் அளவைக் குறையுங்கள்.

படி 2: கீரையும் மற்றதும்

2 கிலோ முயலுக்கு நாளுக்கு இரண்டு கைப்பிடி. கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட் தழை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். முருங்கைக்கீரையும் அகத்தியும் எப்போதாவது கொஞ்சம். சந்தைக் கீரையை நன்றாக அலசுங்கள். குவித்து வைத்துச் சூடேறிய ஈரக் கீரையைப் போடாதீர்கள்.

கேரட் கிழங்கும் பழமும் முயலுக்கு மிட்டாய் மாதிரி: கட்டைவிரல் அளவு, வாரத்துக்கு இரண்டு முறை போதும். சோறு, ரொட்டி, பிஸ்கட், பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. சவுண்டல் தழையும் வேண்டாம், அதிலுள்ள மிமோசின் என்ற நச்சு முடியை உதிரவைக்கும். அரளி, எருக்கு பக்கம் முயலை விடவே விடாதீர்கள்.

படி 3: பெல்லட், தண்ணீர்

பெல்லட் என்பது கடையில் விற்கும் குச்சித் தீவனம். 2 கிலோ முயலுக்கு நாளுக்கு 40–50 கிராமைத் தாண்ட வேண்டாம். கறிக்காக வளர்க்கும் முயல்களின் தீவனம் வேகமாக எடை ஏற்றுவதற்கானது, வீட்டு முயலுக்குப் பொருந்தாது. தண்ணீரைக் கனமான மண்சட்டியில் வையுங்கள், பாட்டிலைவிட அதில்தான் நிறையக் குடிக்கும். சித்திரை வெயிலில் தீனி குறையும், அப்போது நீர் இல்லாவிட்டால் குடலில் இருப்பது இறுகிவிடும்.

புது உணவு எதுவானாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். பால் மறந்த குட்டிகளிடம் இன்னும் நிதானம் வேண்டும், கழிச்சலில் இறப்பவை பெரும்பாலும் அவைதான்.

படி 4: தினமும் காலையில் புழுக்கையைப் பாருங்கள்

இரண்டு நிமிட வேலை. ஒன்றை எடுத்து விரலால் நசுக்குங்கள். உலர்ந்து, உள்ளே புல்நார் தெரிந்தால் வயிறு நன்றாக இருக்கிறது. சிறுத்துக் கறுத்திருந்தால் நாரோ நீரோ போதவில்லை. முடியில் கோத்த மணிபோலத் தொங்கினால் உரோமத்தை நக்கி விழுங்குகிறது, தினமும் சீவிவிடுங்கள். மெத்தென்ற கொத்துகள் தின்னப்படாமல் ஒட்டிக்கிடந்தால் பெல்லட்டையும் பழத்தையும் குறையுங்கள். நீராகப் போனால் அன்றே மருத்துவர்.

எப்போது ஓட வேண்டும்?

பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தின்னவில்லை, புழுக்கையும் இல்லை என்றால் அது அவசரம். பிடித்த கொத்தமல்லியை நீட்டியும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்தப் பத்து மணி நேரமும் காத்திருக்க வேண்டாம். வீட்டிலிருக்கும் மனித மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். அமாக்ஸிசிலின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் அழிந்து முயலே இறந்துபோகும். வயிறு உப்பி, தட்டினால் மத்தளம்போல் இருந்தால் வலுக்கட்டாயமாக ஊட்டவும் கூடாது.

முயல் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் யார் என்று இப்போதே விசாரித்து எண்ணைக் குறித்துவையுங்கள். கொண்டுபோகும் பெட்டியில் ஒரு பிடி புல் போடுங்கள். கடைசியாக எப்போது தின்றது, எப்போது புழுக்கை போட்டது, வழியில் புல்லைக் கடித்ததா என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.