பேஸ்பால் ஊக்கமருந்து வழக்கைப் பின்தொடர்வது எப்படி?

முதலில் குற்றப்பத்திரிகையைப் படியுங்கள். அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரங்களான பாரி பாண்ட்ஸ், ரோஜர் கிளெமன்ஸ் இருவர் மீதும் ஸ்டீராய்டு (தசை வளர்க்கும் ஊக்கமருந்து) எடுத்ததாக வழக்கே இல்லை. சத்தியப்பிரமாணம் செய்துவிட்டுப் பொய் சொன்னார்கள் என்பதுதான் புகாரின் மையம். ஆகவே என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது, தெரிந்தே சொன்ன பொய்யா என்று ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனித்தனியாக எடைபோடுங்கள்.

அடுத்து, பரிசோதனைக்கு எடுத்த சிறுநீர், இரத்தம் போன்ற மாதிரியும் பிற தடயமும் யார் கையிலிருந்து யாரிடம் போனது என்று பாருங்கள். வழக்குகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். மாதிரிகள் பாண்ட்ஸுடையவைதான் என்று சொல்ல வேண்டிய அவருடைய பயிற்சியாளர் சாட்சி சொல்ல மறுத்ததால் முக்கியமான பரிசோதனை முடிவுகளை நீதிபதி ஏற்கவில்லை. கிளெமன்ஸ் வழக்கில் தடயமாகக் காட்டிய ஊசிகள் பீர் கேனில் கிடந்தவை. தடயத்தைச் சந்தேகிக்கக் குற்றம்சாட்டப்பட்டவர் தரப்புக்கு வேறென்ன வேண்டும்!

தீர்ப்போடு நிறுத்தாதீர்கள். 2011இல் பாண்ட்ஸ் நீதிக்கு இடையூறு செய்ததாக மட்டும் குற்றவாளியானார். 2015 மேல்முறையீட்டில் அதுவும் ரத்தானது. கிளெமன்ஸ் 2012இல் விடுதலை.