குபர்நெட்டிஸ் கிளஸ்டரில் சேவைகளை இயக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூகுள் நிறுவனம் 2014-ஆம் ஆண்டு திறமூல மென்பொருளாக வெளியிட்ட குபர்நெட்டிஸ், கண்டெய்னர்களாக, அதாவது நிரலும் அது இயங்கத் தேவையானவையும் சேர்ந்த பொதிகளாகக் கட்டப்பட்ட சேவைகளை மேகக் கணினிகளில் இயக்க விரும்பும் பலரும் முதலில் நாடும் கருவியாகிவிட்டது. அதை இயக்குவோர் செய்யும் தவறுகள் பல வடிவங்களில் வந்தாலும், பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான்: நம் சேவைக்கு என்ன தேவை, அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கிளஸ்டர் (குபர்நெட்டிஸ் ஒன்றாக நிர்வகிக்கும் கணினிகளின் தொகுப்பு) தானாகவே கண்டறிந்துகொள்ளும் என்ற நம்பிக்கை. கிளஸ்டருக்குத் தெரிவது நாம் யாமல் எனப்படும் அமைவுக் கோப்பில் எழுதிக் கொடுத்தது மட்டுமே. எழுதாமல் விட்ட இடங்களுக்கும் அது தானே ஒரு பொருள் கொள்ளும். அந்தப் பொருள் நாம் மனத்தில் வைத்திருந்ததாக இருப்பது அரிது.

ரிக்வெஸ்ட், லிமிட் மதிப்புகள்

கண்டெய்னர்களைத் தாங்கும் மிகச் சிறிய அலகு பாட்; கிளஸ்டரின் ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு. ரிக்வெஸ்ட் என்பது சிபியுவிலும் நினைவகத்திலும் கண்டெய்னருக்கென ஒதுக்கி வைக்கக் கேட்கும் அளவு; லிமிட் என்பது அது தாண்டக் கூடாத உச்சம். பாட் ஒன்றை எந்த நோடில் வைப்பது என்பதை, இடம் ஒதுக்கும் பகுதியான ஷெட்யூலர் இரண்டு கட்டங்களில் முடிவு செய்கிறது. முதலில், இடம் தர இயலாத நோடுகளைக் கழித்துவிடுகிறது. பிறகு எஞ்சியவற்றுக்கு மதிப்பெண் இட்டு, கூடுதலாகப் பெற்றதைத் தேர்ந்தெடுக்கிறது. இதில் பலர் கவனிக்கத் தவறுவது, இடம் இருக்கிறதா என்று பார்க்கும்போது ஷெட்யூலர் அந்த நோடின் அப்போதைய சிபியு, நினைவகப் பயன்பாட்டைப் பார்ப்பதில்லை என்பதைத்தான். அங்கே ஏற்கெனவே உள்ள பாட்களின் ரிக்வெஸ்ட் மதிப்புகளைக் கூட்டி, நோடின் ஒதுக்கத்தக்க அளவிலிருந்து கழித்து, மீதியை மட்டுமே அது கணக்கில் கொள்கிறது. ஆகவே 4 கோர் கொண்ட நோடில் 3.8 கோர் அளவுக்கு ரிக்வெஸ்ட் எழுதப்பட்டிருந்தால், உண்மைப் பயன்பாடு பத்தில் ஒரு பங்காக இருந்தாலும் அந்த நோடு ஏறத்தாழ நிறைந்துவிட்டது; வேறு நோடிலும் இடமில்லாவிட்டால் புதிய பாட், இடத்துக்குக் காத்திருக்கும் பெண்டிங் நிலையிலேயே நிற்கும். மாறாக, ரிக்வெஸ்ட் எழுதாத பாட்கள் குவிந்து திணறிக்கொண்டிருக்கும் நோடு, ஷெட்யூலரின் கண்ணுக்கு ஏறக்குறைய காலியாகவே தெரியும்.

ரிக்வெஸ்ட், லிமிட் இரண்டையும் எழுதாமல் விடப்பட்ட பாட், 'பெஸ்ட் எஃபர்ட்' என்ற கடைநிலை வகையில் சேர்கிறது. நோடில் நினைவகம் தீரும் நிலை வந்தால், ரிக்வெஸ்ட் அளவைத் தாண்டிப் பயன்படுத்தும் பாட்களே முதலில் வெளியேற்றப்படும். ரிக்வெஸ்டே இல்லாத பாட் எப்போதும் அந்த அளவைத் தாண்டியதாகவே கருதப்படும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. லிமிட்டை மட்டும் எழுதி ரிக்வெஸ்ட்டை விட்டுவிட்டால், லிமிட்டின் அளவே ரிக்வெஸ்ட்டாகவும் எடுத்துக்கொள்ளப்படும். பாதுகாப்புக்காக என்று 4 ஜிபி லிமிட் எழுதியவர், கிளஸ்டரில் 4 ஜிபி இடத்தை வளைத்துப் போட்டதை மாதக் கட்டணம் வரும்வரை அறிவதில்லை.

லிமிட்டைத் தாண்டினால் நடப்பது சிபியுவுக்கும் நினைவகத்துக்கும் ஒன்றல்ல. நினைவக லிமிட்டைத் தாண்டும் கண்டெய்னர் கொல்லப்படும்; வெளியேறும் எண் 137 என்று பதிவாகும். சிபியு லிமிட்டைத் தாண்டும் கண்டெய்னர் கொல்லப்படுவதில்லை, நிறுத்தி வைக்கப்படுகிறது. லினக்ஸ் கெர்னல் இந்தக் கணக்கை வழக்கமாக 100 மில்லிநொடிக்கு ஒருமுறை பார்க்கிறது. அரை கோர் லிமிட் என்றால் ஒவ்வொரு 100 மில்லிநொடியிலும் 50 மில்லிநொடி சிபியு நேரம் கிடைக்கும். 8 திரெட்கள் (நிரலின் இணை ஓட்டங்கள்) ஒரே சமயத்தில் இயங்கினால் அந்த 50 மில்லிநொடியும் ஆறே மில்லிநொடியில் தீர்ந்து, மீதி 94 மில்லிநொடி முழுவதும் சேவை உறைந்து நிற்கும். சராசரி சிபியு வரைபடம் அப்போதும் அமைதியாகவே இருப்பதால், பதில் தாமதமாவதன் காரணத்தை நிரல்வரிகளிலேயே தேடிக்கொண்டிருப்பார்கள். விரைவான பதில் முக்கியமான சேவைகளுக்கு ரிக்வெஸ்ட்டைச் சரியாக எழுதி, சிபியு லிமிட்டை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஒரே கிளஸ்டரைப் பல குழுக்கள் பகிரும் இடங்களில் இதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லும் காரணமும் பொருட்படுத்தத்தக்கதே. நினைவகத்துக்கு மட்டும், ரிக்வெஸ்ட்டும் லிமிட்டும் சமமாக இருப்பது எப்போதும் நிம்மதி தரும்.

ஜாவா சேவைகளை இயக்குவோர் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்டெய்னரின் நினைவக அளவை உணரும் ஜாவா பதிப்புகள், ஹீப்பின் (நிரலின் தரவுகள் தங்கும் நினைவகப் பகுதி) உச்ச அளவை எழுதிக் கொடுக்காவிட்டால், பொதுவாக அதில் கால்பங்கை மட்டுமே ஹீப்புக்கு எடுத்துக்கொள்ளும். இதைக் கண்டு வெகுண்டு ஹீப்பின் அளவை லிமிட்டுக்குச் சமமாக வைத்தால், ஹீப்புக்கு வெளியே நினைவகம் கேட்கும் திரெட் அடுக்குகளுக்கும் மெட்டாஸ்பேஸுக்கும் இடமில்லாமல் கண்டெய்னர் கொல்லப்படும்.

உடல்நலச் சோதனைகள்

சேவை உயிருடன் இருக்கிறதா என்று பார்க்கும் லைவ்னஸ் சோதனை தோற்றால் கண்டெய்னர் மறுதொடக்கம் செய்யப்படும். கோரிக்கைகளை ஏற்கத் தயாரா என்று பார்க்கும் ரெடினஸ் சோதனை தோற்றால் அந்தப் பாட்டுக்குக் கோரிக்கைகள் அனுப்பப்படமாட்டா. விளைவுகள் இவ்வளவு வேறுபட்டிருந்தும், ஒரே முகவரியை இரண்டுக்கும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது மிகப் பரவலான வழக்கம். அந்த முகவரி தரவுத்தளத்தையும் தொட்டுப் பார்ப்பதாக அமைந்துவிட்டால் கேடு பெரிதாகும். தரவுத்தளம் அரை நிமிடம் தடுமாறினால் போதும், அதைச் சார்ந்த எல்லாப் பாட்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மறுதொடக்கம் ஆகும். தரவுத்தளம் மீண்டு வரும் வேளையில் அத்தனையும் ஒன்றாகப் புதிய இணைப்புகளைக் கேட்டு அதை மறுபடியும் சாய்க்கும். மறுதொடக்கத்தால் சரியாகக்கூடிய கோளாறை மட்டுமே லைவ்னஸ் சோதிக்க வேண்டும். தரவுத்தளக் கோளாறு அந்த வகையைச் சேர்ந்ததன்று.

எழுதாமல் விட்ட அளவுகளும் இங்கே வேலை செய்கின்றன. 10 நொடிக்கு ஒருமுறை சோதனை, 1 நொடிக்குள் பதில், தொடர்ந்து 3 தோல்விகள் என்பவையே இயல்பான மதிப்புகள். சுமை கூடிய நேரத்தில் 1 நொடிக்குள் பதில் தர இயலாத சேவை நோயுற்றதல்ல, வேலையில் மூழ்கியிருக்கிறது, அவ்வளவே. அதைக் கொன்றால் அதன் சுமை பிற பாட்களின் மீது விழ, அவையும் வரிசையாகத் தோற்கும். கொல்லப்பட்டவை மீண்டும் மீண்டும் விழுந்தால் மறுதொடக்க இடைவெளி 10 நொடியில் தொடங்கி இரட்டித்து இரட்டித்து 5 நிமிடம்வரை நீளும் என்பதால், மீட்சியும் தாமதமாகும். எழுந்து நிற்கவே நேரமெடுக்கும் சேவைக்கு லைவ்னஸின் தொடக்கத் தாமதத்தைப் பெருக்குவதைவிட, தனியாக ஸ்டார்ட்அப் சோதனை எழுதுவதே சரி. அது வெற்றி பெறும்வரை மற்ற இரண்டும் தொடங்கா.

ரெடினஸில் தரவுத்தளத்தைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. எல்லாப் பாட்களும் ஒரே தரவுத்தளத்தையே நம்பியிருந்தால், அது விழும்போது எல்லாமே ஒருசேர விலக்கப்பட்டு, பயனர்க்குத் தெளிவான பிழைச் செய்தியைக் காட்டக்கூட ஒரு பாட் மிஞ்சாது.

நிறுத்தும் முறை

ஒரு பாட் நீக்கப்படும்போது அதற்கு 'நின்றுவிடு' என்று சொல்லும் சிக்டெர்ம் சைகை அனுப்பப்படுவதும், கோரிக்கை பெறுவோர் பட்டியலிலிருந்து அதன் முகவரி அகற்றப்படுவதும் இணையாக நடக்கின்றன. எது முதலில் முடியும் என்பதற்கு உறுதி இல்லை. சைகை வந்த கணமே சேவை கதவை அடைத்தால், அடுத்த சில நொடிகளில் வரும் கோரிக்கைகள் பிழையில் முடியும். ஒவ்வொரு புதிய வெளியீட்டின்போதும் விளக்கமில்லாத சில 502 பிழைகள் (இடையிலுள்ள சர்வருக்குச் சேவையிடமிருந்து சரியான பதில் வராதவை) வருகின்றன என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நிறுத்தும் முன் செய்ய வேண்டியதை எழுதும் ப்ரீஸ்டாப் பகுதியில் 5 முதல் 10 நொடிவரை காத்திருக்கச் சொல்வது எளிய தீர்வு. இந்தக் காத்திருப்பும், இயல்பாகத் தரப்படும் 30 நொடி அவகாசத்துக்குள்ளேயே அடங்கும். கண்டெய்னரின் முதல் செயல்முறை, கட்டளைகளை இயக்கும் ஷெல்லாக இருந்தால், சைகை பெரும்பாலும் உள்ளேயுள்ள நிரலைச் சென்றடைவதே இல்லை. 30 நொடி கழித்துப் பலவந்தமாகக் கொல்லப்படும்வரை அது எதையும் அறியாது.

ஒருமுறை மட்டும் எடுக்கப்படும் முடிவு

பாட் ஒன்று நோடில் அமர்த்தப்பட்ட பிறகு ஷெட்யூலர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்று நோடுகளில் ஒன்று விழுந்து, அதன் பாட்கள் மற்ற இரண்டில் எழுந்தபின் மூன்றாவது நோடு மீண்டு வந்தாலும், அது காலியாகவே நிற்கும். சமப்படுத்த வேண்டுமென்றால் டீஷெட்யூலர் போன்ற தனிக் கருவி தேவை. விழுந்த நோடு பதிலளிக்கவில்லை என்று குறிக்கப்பட்ட பிறகும், அதிலுள்ள பாட்கள் வெளியேற்றப்பட இயல்பாக 300 நொடிகள் ஆகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு சேவையின் மூன்று பிரதிகளும் (ஒரே பாட்டின் நகல்கள்) ஒரே நோடில் இருந்தால் இந்த ஐந்து நிமிடமும் சேவை இல்லை. ஷெட்யூலர் பிரதிகளைப் பரப்ப முயலும், ஆனால் உறுதியளிக்காது. உறுதி வேண்டுமானால் பரவல் விதியை நாமே எழுத வேண்டும். அதையும் நோடுக்கு ஒரு பிரதிதான் என்று மிகக் கண்டிப்பாக எழுதி, நோடுகளைவிடப் பிரதிகள் கூடிவிட்டால், மிஞ்சியவை பெண்டிங்கில் கிடக்கும்.

பிற பாட்களை ஏற்காதபடி ஒதுக்கிய சிறப்பு நோடு ஒன்றுக்கு டாலரேஷன் எழுதிவிட்டால் பாட் அந்த நோடுக்கே செல்லும் என்று எண்ணுவதும் பிழை. டாலரேஷன் தருவது அனுமதி மட்டுமே. அங்கேயே செல்ல வேண்டுமென்றால் எந்த நோடு என்று குறிக்கும் நோடு அஃபினிட்டியும் வேண்டும். ஒரே ஒரு பிரதி உள்ள சேவைக்குக் குறைந்தது ஒன்று இயங்க வேண்டும் என்று டிஸ்ரப்ஷன் பட்ஜெட் (பராமரிப்பின்போது எத்தனை பாட்கள் நிற்கலாம் என்ற வரம்பு) எழுதியவர், அந்த நோடைப் பராமரிப்புக்காகக் காலி செய்யும் பணியை முடிவில்லாமல் தடுத்து வைக்கிறார்.

தானியங்கி விரிவாக்கத்திலும் ரிக்வெஸ்ட்டே அடிப்படை. சிபியு பயன்பாடு 70 விழுக்காடு என்று, பிரதிகளைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் எச்பிஏவுக்குச் சொன்னால், அது நோடின் திறனில் 70 விழுக்காடு அன்று, பாட்டின் ரிக்வெஸ்ட்டில் 70 விழுக்காடு. ரிக்வெஸ்ட் பாதியாக எழுதப்பட்டிருந்தால் பிரதிகள் தேவையின்றி இரட்டிக்கும். எச்பிஏ இயங்கும் சேவையின் டெப்ளாய்மெண்ட் (சேவையின் பாட்கள் எப்படி, எத்தனை இயங்க வேண்டும் என்ற வரையறை) கோப்பில் பிரதிகளின் எண்ணிக்கையை விட்டு வைத்தால், ஒவ்வொரு வெளியீடும் அதைப் பழைய எண்ணுக்கே இழுத்துவிடும்.

ரிக்வெஸ்ட் எழுதாத பாட்களை ஆளுக்கு ஆள் நினைவூட்டித் தடுக்க முடியாது. நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் பிரித்த ஒரு பகுதி) ஒன்றில் சிபியு, நினைவக ரிக்வெஸ்ட்டுகளுக்கு ரிசோர்ஸ்கோட்டா என்ற மொத்த வரம்பை விதித்துவிட்டால், அவற்றை எழுதாத பாட்கள் உருவாகும்போதே மறுக்கப்படும். ஆனால் டெப்ளாய்மெண்ட் மட்டும் சிக்கலின்றி ஏற்கப்பட்டதாகத் தெரியும்; பாட் எதுவும் வராது. மறுப்பின் காரணம், டெப்ளாய்மெண்ட்டுக்காகப் பாட்களை உருவாக்கும் ரெப்ளிகாசெட்டின் நிகழ்வுப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கும்.