பிள்ளைக்கு முதல் கார்: பாதுகாப்பானதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிள்ளை காலேஜ் சேர்ந்ததும் சென்னை வீடுகளில் கார் பேச்சு தொடங்கிவிடும். பெரும்பாலும் காதில் விழுகிற முடிவு இதுதான்: "கத்துக்குற வண்டிதானே, எப்படியும் இடிச்சுட்டு வருவான். பழசா, சின்னதா ஒண்ணு போதும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நடப்பது என்ன? இருபது வருஷம் ஓட்டிப் பழகிய அப்பா ஆறு ஏர்பேக் உள்ள வண்டியில் போகிறார். நேற்று லைசென்ஸ் வாங்கிய பிள்ளைக்கு ஏர்பேக்கே இல்லாத வண்டி. அனுபவம் குறைந்தவருக்குத்தான் நல்ல வண்டி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள படிகள் எல்லாம் அதை வைத்து எழுதியவை.

படி 1: முதலில் லைசென்ஸ், அப்புறம் வண்டி

கார் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 16 வயதில் பெற்றோர் சம்மதத்தோடு ஓட்டலாம் என்பது 50 சிசிக்கு மேல் போகாத, கியர் இல்லாத டூவீலருக்கு மட்டும். "தெருமுனை வரைக்கும்தானே" என்று 17 வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 199ஏ பிரிவின்படி, பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். அதை எடுத்து 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போக முடியும். அந்த ஒரு மாதத்தை டிரைவிங் ஸ்கூலுக்கும், வண்டிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

படி 2: எந்த ரோட்டில் ஓடப்போகிறது?

தி. நகர், மயிலாப்பூர் மாதிரி இடங்களில் வேகம் குறைவு. இரண்டு பக்கமும் பைக், திடீரென்று நிற்கும் ஷேர் ஆட்டோ. அங்கே வெளியே நன்றாகத் தெரிகிற கண்ணாடியும் லேசான ஸ்டீயரிங்கும் போதும். ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். மாதிரி வேகமான ரோடுகள் வேறு கதை. காலேஜ் பக்கத்தில்தான் என்றாலும், என்றைக்காவது நண்பர்களோடு மகாபலிபுரம் போகத்தான் போகிறார்கள். அதனால் அந்த ரோட்டை மனதில் வைத்தே வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

படி 3: தயாரிப்பு வருஷத்தைப் பார்த்துக் கழியுங்கள்

செகண்ட் ஹேண்ட் வாங்குவதாக இருந்தால் இது சுலபமான வடிகட்டி. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எல்லாப் புதுக் கார்களிலும் ஏபிஎஸ் (அழுத்தி பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி) கட்டாயம். 2019 ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் எல்லா மாடலுக்கும் கட்டாயமானது 2022 தொடக்கத்திலிருந்துதான். ஆகவே 2022-க்கு முந்தைய வண்டி என்றால் இரண்டு ஏர்பேக் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பட்ஜெட் இடிக்கிறதா? வீட்டில் இருக்கும் நல்ல காரைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, பழைய வண்டியை நீங்கள் ஓட்டுங்கள். கார் வாங்காமலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

படி 4: நட்சத்திரத்தைச் சரியாகப் படியுங்கள்

குளோபல் என்கேப் அமைப்பு 2014 முதல் இந்தியக் கார்களை மோதவிட்டுச் சோதித்து, பாதுகாப்புக்கு நட்சத்திரம் தந்திருக்கிறது. நம் நாட்டுக்கென்று பாரத் என்கேப் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பக்க மோதல் 64 கி.மீ. வேகத்தில், பக்கவாட்டு மோதல் 50 கி.மீ. வேகத்தில். பெரியவர்களுக்கான பாதுகாப்புக்கு 32, குழந்தைகளுக்கு 49 என்று மதிப்பெண். கார் கம்பெனிகள் விருப்பப்பட்டால்தான் சோதனைக்குத் தருகின்றன. எனவே எல்லா காருக்கும் நட்சத்திரம் இருக்காது.

பலர் தவறவிடுவது இங்கேதான். நட்சத்திரம் மாடல் பெயருக்கு உரியது இல்லை, சோதித்த அந்தத் தலைமுறை வண்டிக்கு உரியது. 2024-இல் வந்த புதிய டிசையர் குளோபல் என்கேப்பில் 5 நட்சத்திரம் வாங்கியது. அதை நம்பி 2018 டிசையரை வாங்கினால், அந்த 5 நட்சத்திரம் இந்த வண்டிக்குப் பொருந்தாது. சோதனை நடந்த ஆண்டும் முக்கியம். 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் 5 நட்சத்திரம் வாங்கியபோது இருந்த விதிகள் வேறு. 2022 ஜூலைக்குப் பிறகு விதிகள் கடினமாயின; ஈஎஸ்சி (வண்டி சறுக்கிச் சுழலாமல் காக்கும் வசதி), பக்கவாட்டில் கம்பத்தில் மோதுவது, நடந்து போகிறவருக்கான பாதுகாப்பு எல்லாம் கணக்கில் சேர்ந்தன.

குளோபல் என்கேப் அறிக்கையில் இன்னொரு வரியையும் தேடுங்கள்: வண்டியின் கூடு உறுதியானதா, உறுதியற்றதா என்று போட்டிருப்பார்கள். உறுதியற்றது என்றால், அதை விட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள். அப்புறம், சின்ன காரின் 5 நட்சத்திரத்தையும் எடை அதிகமான காரின் 5 நட்சத்திரத்தையும் ஒன்றாக வைத்து ஒப்பிட முடியாது. இரண்டும் நேருக்கு நேர் மோதினால் அதிகம் பாதிக்கப்படுவது சின்னதுதான்.

படி 5: சன்ரூஃப் வேண்டாம், ஈஎஸ்சி வேண்டும்

ஷோரூமில் டச் ஸ்கிரீன் எத்தனை இன்ச் என்றுதான் முதலில் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது: இந்த வேரியன்ட்டில் ஈஎஸ்சி இருக்கிறதா? சில கம்பெனிகள் இதற்கு ஈஎஸ்பி என்று பெயர் வைத்திருக்கும். ஈ.சி.ஆரில் போகும்போது குறுக்கே மாடு வருகிறது. புதிதாக ஓட்டுகிறவர் பதறி ஸ்டீயரிங்கை ஒடித்து, உடனே எதிர்ப்பக்கம் திருப்புவார். வண்டி சுழலப் பார்க்கும். அந்த நேரத்தில் ஈஎஸ்சி தேவையான சக்கரத்தில் மட்டும் பிரேக் போட்டு, என்ஜின் வேகத்தையும் குறைத்து, வண்டியை நேராக்கப் பார்க்கும். அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டிலிருந்து கார்களில் இது கட்டாயம். அங்கே பிள்ளைகளுக்கான காரைப் பரிந்துரைக்கும் ஐஐஎச்எஸ் என்ற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பும் இது இல்லாத வண்டியைச் சேர்ப்பதில்லை.

அதோடு ஐந்து சீட்டுக்கும் மூன்று முனை பெல்ட், உயரம் மாற்றக்கூடிய ஹெட்ரெஸ்ட், முடிந்தால் ஆறு ஏர்பேக். வேகம் கூட்டும் டர்போ வேண்டாம், 1.2 லிட்டர் சாதாரண பெட்ரோல் என்ஜின் போதும். ஆட்டோமேட்டிக் தாராளமாக வாங்கலாம். கிளட்ச்சில் போகிற கவனம் ரோட்டுக்குத் திரும்பும்.

படி 6: பழைய வண்டியா? வெள்ளத்தில் நின்றதா என்று பாருங்கள்

2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியில் ஏர்பேக் வயரிங் அரித்துப்போயிருக்கலாம். வெளியே பளபளவென்று இருக்கும்.

சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் அந்த வண்டி வேண்டாம். சீட் தண்டவாளத்தில் துரு, ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, மிதியடிக்குக் கீழே கார்ப்பெட்டில் ஈர வாடை எல்லாம் பாருங்கள். இழுத்து விட்ட பெல்ட் தானாக உள்ளே போகாவிட்டால், அது ஒரு விபத்தில் இறுகிப் பூட்டிக்கொண்ட பெல்ட்டாக இருக்கலாம்.

அடுத்து ஏர்பேக் விளக்கு. இக்னிஷன் போட்டதும் சில வினாடி எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம்: வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் எடுத்திருக்கலாம்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-இன் 23-ஆவது வாரம். ஐந்தாறு வருஷம் தாண்டியிருந்தால் டயர் மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள். விற்பவர் காட்டுகிற மெக்கானிக் வேண்டாம்.

படி 7: டெஸ்ட் டிரைவில் பிள்ளையை உட்கார வையுங்கள்

ஓட்டப்போவது யாரோ அவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். லைசென்ஸ் வந்திருந்தால் அவரே ஓட்டட்டும். பெடல் முழுவதும் எட்டும்போது நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையே சுமார் 25 செ.மீ. இருக்க வேண்டும். உயரம் குறைந்த பிள்ளைக்கு சீட் உயரமும் ஸ்டீயரிங்கும் ஏற்றி இறக்க முடிகிற வண்டியாகப் பாருங்கள். ஆளில்லாத ரோட்டில் ஒருமுறை பிரேக்கை அழுத்தி மிதித்து, ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் அதிர்வதைக் காட்டுங்கள். அந்த அதிர்வுக்குப் பயந்து காலை எடுத்துவிடக் கூடாது.

படி 8: வாங்கிய பிறகு

செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் படிவம் 29, 30 கொடுத்து ஆர்.சி.யை உடனே மாற்றுங்கள். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பாலிசியில் இருக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளருக்குத்தான். ஆர்.சி. அப்பா பெயரில் இருந்து மகள் ஓட்டினால், மகளுக்குத் தனியாகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஜி.பி. ரோட்டுக்கு சீட் கவர் போடப் போகிறவர்கள் கவனியுங்கள்: சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் இறுக்கமான கவர் அதை மறித்துவிடும். முன்னால் புல் பார் (பம்பருக்கு முன் மாட்டும் கம்பிச் சட்டம்) மாட்டாதீர்கள். அதற்குத் தடை இருக்கிறது, ஏர்பேக் சென்சாரையும் குழப்பும். பெல்ட் எச்சரிக்கையை நிறுத்துகிற கிளிப்பை வண்டியில் கண்டால் எடுத்து எறியுங்கள். மழைக்காலத்துக்கு இன்ஷூரன்ஸில் என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது, இறங்கி வந்து உங்களுக்கு போன் செய்ய வேண்டும் என்று பிள்ளையிடம் முதல் மழைக்கு முன்பே சொல்லி வையுங்கள்.