உங்கள் தெருவில் ஒரு வீடு பார்க்கும் நடை: முதல் முறை நடத்துபவர்களுக்கு

ஆகஸ்ட் வந்தால் சென்னையில் மெட்ராஸ் தினம் களைகட்டும். 1639 ஆகஸ்ட் 22-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கைமாறியதாகச் சொல்லப்படும் நாளை வைத்து 2004-ல் தொடங்கிய கொண்டாட்டம் இது. நடை, பேச்சு, கண்காட்சி என்று யார் வேண்டுமானாலும் தங்கள் பகுதியில் நடத்தலாம். கோட்டையையும் பெரிய கட்டடங்களையும் காட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள், நாம் குடியிருக்கும் தெருவைக் காட்டத்தான் ஆள் குறைவு. தெருவின் பழைய வீடுகளைக் காட்டும் ஒரு நடையை எப்படி நடத்துவது என்று மயிலாப்பூரை வைத்துச் சொல்கிறேன், உங்கள் ஊருக்கும் இதே வழிதான்.

முதல் வேலை, பாதையைச் சுருக்குவது. ஒரு கிலோமீட்டருக்குள், ஆறு நிறுத்தம், ஒன்றரை மணி நேரம். கபாலீசுவரர் கோயில் குளத்தருகே கூடி, மாட வீதி வழியாக ஒரு சந்துக்குள் போய்த் திரும்பினாலே போதும். நடை வைக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் நீங்கள் மட்டும் ஒரு தடவை நடந்து, வெயில் எங்கே விழுகிறது, பூக்கடை எங்கே போடுகிறார்கள், வழியை மறைக்காமல் இருபது பேர் எங்கே நிற்கலாம் என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வீட்டுக்காரர்கள். இதில் மட்டும் அவசரமே கூடாது. ஒரு வாரம் முன்னால் நேரில் போய், "மாமி, ஞாயிற்றுக்கிழமை காலையில பதினஞ்சு பேரோட வரலாமா, உங்க திண்ணையில பத்து நிமிஷம் உட்கார்ந்துக்கறோம்" என்று கேளுங்கள். என் முதல் நடையில் நான் கேட்காமலே ஒரு வாசலில் கூட்டத்தை நிறுத்திவிட்டேன். உள்ளே படுத்திருந்த பெரியவர் என்னமோ ஏதோ என்று பயந்து எழுந்து வந்தார், அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. உள்ளே விடச் சம்மதித்தால் எதுவரை போகலாம், போட்டோ எடுக்கலாமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

சரி, என்ன காட்டுவது? வருஷங்களை ஒப்பிக்காதீர்கள், தொட்டுப் பார்க்கக்கூடியதைக் காட்டுங்கள். பழைய திண்ணைகள் சிலவற்றில் ஒரு ஓரமாகத் தலை வைத்துப் படுக்கச் சாய்வாகத் திண்டு கட்டியிருப்பார்கள். வந்தவர்களில் ஒருவரை அதில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்காகச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து ஒரு தலையணை கட்டிய மனசு, படுத்தவருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிடும். அண்ணாந்து பார்த்தால் மெட்ராஸ் டெரஸ் தெரியும்: மரக்கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குத்தாக நிறுத்தி, அதற்கும் மேல் செங்கல் ஜல்லி போட்டு இடித்துக் கெட்டித்த கூரை. கான்கிரீட் வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இதைப் பார்த்து ஏகப்பட்ட கேள்வி கேட்பார்கள், நேரம் ஒதுக்குங்கள்.

கழற்றிப் போட்ட மங்களூர் ஓடு ஒன்று கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மத அமைப்பு 1865-ல் ஓட்டு ஆலை தொடங்கியது, பிறகு வேறு ஆலைகளும் வந்தன. ஓட்டைத் திருப்பினால் பெரும்பாலும் ஆலையின் பெயர் புடைப்பாக இருக்கும், விரலால் தடவியே படிக்கலாம்.

நடக்கும் அன்று இருபது பேருக்கு மேல் வேண்டாம், மைக்கும் வேண்டாம். கடைசியில் வருபவரைப் பார்த்துக்கொள்ள ஒரு நண்பரைப் பின்னால் வரச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் பேச ஆரம்பித்துவிட்டால் நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். முற்றத்தில் விழும் மழைநீரை அண்டாவில் பிடித்த கதையை அவர் சொல்வது போல நம்மால் சொல்ல முடியாது.

மறுவாரம் வீட்டு முகப்பின் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அப்படிக் கொடுக்கப் போன ஒரு வீட்டில்தான், பீரோவிலிருந்து எடுத்துக் காட்டிய கல்யாணப் போட்டோ ஒன்றின் பின்னணியில், இடித்துவிட்ட எதிர்வீட்டுத் திண்ணையை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.