டர்பனில் செல்ல எலி வளர்ப்பு: கூண்டிலிருந்து குட்டி வரை

செல்ல எலியைப் பெரும்பாலும் சாகடிப்பது மூச்சுக்கோளாறுதான். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி அநேகமாக எல்லாச் செல்ல எலிகளின் மூச்சுப்பாதையிலும் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. காற்று கெட்டால் அது தலைதூக்கும். கூண்டு வாங்குவதிலிருந்து ஜோடி சேர்ப்பது வரை எல்லாவற்றையும் இதை நினைவில் வைத்தே செய்யுங்கள்.

முதலில், வாங்கும்போதே இரண்டாக வாங்குங்கள். இரண்டும் ஆண், அல்லது இரண்டும் பெண். தனி எலி ஏங்கிப்போகும். ஆயுள் இரண்டிலிருந்து மூன்று வருடம்.

அடுத்து கூண்டு. கண்ணாடித் தொட்டி வேண்டாம்; மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா அதற்குள்ளேயே தங்கிவிடும். கம்பிக் கூண்டுதான் சரி. கம்பிகளுக்கு இடையே ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் குட்டி எலி நழுவிவிடும். கராஜில் வைக்காதீர்கள், வெளி எலிகள் நோயைக் கொண்டுவரும். சாமி அறைப் பக்கமும் வேண்டாம். டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பல வீடுகளில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவார்கள். நமக்கு மணக்கிற அந்தப் புகை எலியின் நெஞ்சை அரித்துவிடும். வாசனை வீசும் பைன் மரச்சீவலும் அப்படித்தான். விலை மலிவு என்று அதை வாங்காமல் காகிதப் படுக்கை போடுங்கள். ஈரமான மூலையைத் தினமும் மாற்றுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் கோடை; அப்போது இங்கே அடிக்கும் புழுக்கம் எலிக்கு ஆகாது. அதற்கு நம்மைப் போல வியர்க்காது. முக்கியமாக வால் வழியாகச் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினால் கவனமாக இருங்கள். மின்சாரம் போய் விசிறி நின்றுவிட்டால் உதவும் என்று ஃப்ரீசரில் ஒரு தண்ணீர் பாட்டிலை எப்போதும் உறையவைத்திருங்கள். பழைய காலுறைக்குள் அதைப் போட்டுக் கூண்டில் வைத்தால், எலி வந்து சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

சாப்பாட்டுக்கு எலிக்கென்றே விற்கும் உருண்டைத் தீவனம், ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிராம். கூடவே கொஞ்சம் காய்கறி. பீன்ஸ் கொட்டை எதுவானாலும் நன்றாக வெந்தபின் கொடுங்கள். வேகாத கொட்டை நஞ்சு, எலியால் வாந்தியெடுக்கவும் முடியாது. ஆண் எலிக்கு ஆரஞ்சுத் தோல் கூடாது.

இனி குட்டி. தும்முகிற எலியை, மூச்சில் கரகரப்பு கேட்கிற எலியை ஜோடி சேர்க்கவே கூடாது. மூக்கைச் சுற்றிச் செந்நிறக் கறை அடிக்கடி தெரிந்தாலும் வேண்டாம். அது ரத்தம் இல்லை, ஆனால் உடம்பு சரியில்லை என்பதற்கான அடையாளம். கடித்துப் பழகியதையும் ஒதுக்குங்கள். குட்டிகளுக்கு வீடு கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே ஆரம்பியுங்கள். ஓர் ஈற்றில் பத்துப் பன்னிரண்டு குட்டிகள் வரும்!

முதல் ஈற்றுக்குப் பெண் எலிக்கு நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகியிருந்தால் நல்லது. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அப்போது முதுகைத் தடவினால் உடம்பை வளைத்துக்கொடுத்து, காதுகளைப் படபடவென்று நடுக்கும். ஆணோடு பத்து நாள் விட்டால் போதும். அப்புறம் பிரித்துவிடுங்கள். குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள் அது மறுபடி சினைபிடித்துவிடும் என்பதால் இதில் அசட்டை கூடாது.

சினைக்காலம் 21 முதல் 23 நாள். கடைசி வாரத்தில் ஒரே தளமுள்ள தனிக் கூண்டும், கிழித்த டிஷ்யூ காகிதமும் கொடுங்கள். கூட்டை அதுவே கட்டிக்கொள்ளும். குட்டிகள் மயிரில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். பால் குடித்த குட்டியின் மெல்லிய தோலுக்குள்ளே, வயிற்றில் வெள்ளைப் பட்டையாகப் பால் தெரியும். தாய் தண்ணீர் குடிக்கப் போகும்போது அந்தப் பட்டை எல்லாக் குட்டிகளுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு வாரத்தில் கண் திறக்கும். அதிலிருந்து தினமும் கையில் எடுத்துப் பழக்குங்கள். நான்கு வாரத்தில் பால்குடி மறந்துவிடும். ஐந்தாவது வாரம் முடியுமுன் ஆண்குட்டிகளைத் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் பிரித்தாக வேண்டும், அந்த வயதிலேயே அவற்றால் சினைப்படுத்த முடியும். விதை துருத்தித் தெரிவது ஆண், மார்புக்காம்பு வரிசை தெரிவது பெண். தாய்க்கு இன்னோர் ஈற்று வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு மாதம் ஓய்வு கொடுங்கள். பாலூட்டும் நாட்களில் அவித்த முட்டை கொடுக்கலாம். புரட்டாசியில் வீட்டில் முட்டை கிடையாது என்றால் வெந்த பருப்பு.